ஆதிமந்தி கதையைச் சொல்லிக் கைமாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் சுற்றுவட்டாரத்து ஊர்களில் மாதம் ஒரு மாலை கதை சொல்கிறோம். நான் அதிகம் சொன்ன கதை ஆட்டனத்தி, ஆதிமந்தி கதை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிதாகச் சொல்ல வரும் கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்த நோட்டுதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவதோடு இந்த வேலை முடிவதில்லை. கேட்டவர் வீட்டுக்குப் போய் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் கதை உங்களோடு நின்றுவிடும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக:

காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது. கழாஅர்த் துறையில் விழா. கரிகாலன் தன் சுற்றத்தோடு உட்கார்ந்து பார்க்கிறான். ஆட்டனத்தி தண்ணீரில் ஆடுகிறான். வயிற்றில் கருங்கச்சு, காலில் கழல், கூடவே மணிச் சத்தம். அந்த அழகுக்கு ஆசைப்பட்டுக் காவிரி அவனைக் கொண்டுபோய் ஒளித்துவிட்டது. அவன் மனைவி ஆதிமந்தி கரையோடு ஓடினாள். நாடு நாடாக, ஊர் ஊராக, "கச்சு கட்டினவன், கழல் போட்டவன், சுருட்டை முடிக்காரன், பார்த்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டே கடல் வரை போனாள். அங்கே மருதி என்ற பெண் அவனைக் காட்டினாள். காட்டிவிட்டு மருதி கடலுக்குள் போனாள்.

அவ்வளவுதான். சொல்லத் தொடங்கியதும் இதை நீட்ட ஆசை வரும். அந்த ஆசையோடுதான் நம் பாதிச் சண்டை.

1. முதலில் மூல வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

அகநானூற்றில் 45, 76, 222, 236, 376 ஆகிய பாடல்கள், குறுந்தொகை 31, சிலப்பதிகாரத்தில் வஞ்சின மாலை. இவை போதும். கிளை நூலகத்தில் உரையோடு கிடைக்கும். மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகிய தளங்களில் மூலத்தை இலவசமாகப் படிக்கலாம்.

பாட்டு முழுவதையும் புரிந்துகொள்ள முயன்று பலர் முதல் நாளே களைத்துப் போகிறார்கள். அது தேவையில்லை. எந்தப் பாட்டிலும் இந்தக் கதை முழுதாக இல்லை. அகநானூற்றில் வேறு ஒருவர் தன் நிலையைச் சொல்லும்போது "ஆதிமந்தி போல" என்று இரண்டு மூன்று வரி வரும். அந்த வரிகளை மட்டும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே பாட்டு எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாமல் எழுதியவர்கள் எல்லாரும் ஒரு மாதம் கழித்து, "இது பாட்டில் இருந்ததா, நானே சேர்த்ததா?" என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் தேவைப்படும்: ஒரு சலங்கை. நம் பக்கம் கூத்துக் குழு இல்லாத வட்டாரம் கிடையாது, கேட்டால் தருவார்கள். எதற்கென்று 7ஆம் படியில் சொல்கிறேன்.

2. எந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று பிரித்து எழுதுங்கள்

இந்தப் படியில் ஒரு வாரம் உட்காருங்கள். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன.

ஆதிமந்தி யார் மகள்? கரிகால் வளவன் மகள் என்று சொல்வது சிலப்பதிகாரம். மதுரையில் கண்ணகி தன் ஊரான புகாரின் பத்தினிப் பெண்களை வரிசையாகச் சொல்லும்போது இவளையும் சொல்கிறாள். அகநானூறு 376இல் கரிகாலன் வருகிறான், ஆனால் விழாவைப் பார்ப்பவனாக மட்டும் வருகிறான்.

ஆட்டனத்தி யார்? அகநானூற்றில் அவன் ஆடுகிறவன், சுருள்முடி கொண்ட பொருநன். சிலப்பதிகாரத்தில் வஞ்சிக்கோன், அதாவது சேர அரசன். பிற்காலத்தில் சொன்னவர்கள் இரண்டையும் சேர்த்து, 'ஆடத் தெரிந்த சேர இளவரசன்' ஆக்கிவிட்டார்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி, ஆனால் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்து சொல்லுங்கள். நான் ஆட்டக்காரன் என்றே சொல்கிறேன். கூத்து பார்த்து வளர்ந்த ஊரில் அந்த ஒரு சொல்லே ஆளைக் கண்முன் நிறுத்திவிடுகிறது. இளவரசன் என்றால் பிள்ளைகளின் மனதில் குதிரையும் வாளும் வந்துவிடும்.

குறுந்தொகை 31ஐ ஆதிமந்தியே பாடியதாகத் தொகுத்திருக்கிறார்கள். வீரர்கள் கூடும் விழாவிலும் தேடினேன், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையிலும் தேடினேன், எங்கும் காணவில்லை என்கிறாள். நானும் ஓர் ஆடுகள மகள், என் வளையை நெகிழவைத்த அவனும் ஓர் ஆடுகள மகன் என்று முடிக்கிறாள். இந்தப் பாட்டில் காவிரியும் இல்லை, வெள்ளமும் இல்லை, ஆட்டனத்தி என்ற பெயரும் இல்லை. "வெள்ளம் அடித்துப் போனதும் ஆதிமந்தி இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே ஓடினாள்" என்று சொல்லாதீர்கள். அருமையான காட்சிதான், ஆனால் பாட்டில் அப்படி இல்லை.

அடிக்கடி நுழையும் வேறு மூன்று பிழைகள்:

கரிகாலன் என்றதும் பிள்ளைகள் ஆதித்த கரிகாலனை நினைக்கிறார்கள். அவன் ராஜராஜனின் அண்ணன், 10ஆம் நூற்றாண்டு. நம் கதையின் கரிகாலன் அவனுக்குப் பல நூற்றாண்டு முந்தைய சங்க காலத்தவன். தொடக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் தெளிவாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கதை முடியும்வரை அவர்கள் வேறொரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தகடூர், அதாவது இன்றைய தருமபுரி மண்ணில் நின்று சொல்வதால் அதியமானையும் ஔவையையும் உள்ளே கொண்டுவர ஆசை வரும். அவர்களுக்கு நெல்லிக்கனிக் கதை இருக்கிறது. இதில் அவர்களுக்கு வேலை இல்லை.

மூன்றாவதுதான் பெரிது. ஒகேனக்கல்லில்தான் அவன் அடித்துச் செல்லப்பட்டான் என்று சொல்லிவிடுகிறார்கள். பாட்டு சொல்லும் இடம் கழாஅர். காவிரி நம் ஊர் வழியாக இறங்குகிறது என்பதற்காகக் கதையையும் நம் ஊருக்கு இழுக்கக் கூடாது.

3. முடிவு எது என்று முன்பே தீர்மானியுங்கள்

இரண்டு முடிவுகள் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தில் அவள் கதறிக் கேட்க, கடலே அவனைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறது. அவனைத் தழுவிப் பொற்கொடி போல அழைத்து வருகிறாள். அகநானூறு 222இல் மருதி அவனைக் காட்டிவிட்டுக் கடல் புகுகிறாள்.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல முயன்றால் கேட்பவருக்கு எதுவும் ஒட்டாது. சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் தீர்மானிப்போம் என்றிருந்தாலும் குரல் தடுமாறும், அதைக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கடல் திருப்பித் தரும் முடிவைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மருதி. மருதி யார், ஏன் கடலுக்குள் போனாள் என்று அந்தப் பாட்டு விளக்கவில்லை. அந்த இடத்தை நீங்களும் நிரப்பாதீர்கள். ஏரியூர் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து ஆயா ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "அவ புருசன் கெடச்சிட்டான், சரி. அந்தப் பொண்ணுக்கு யாரு இருந்தா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் விட்டேன். அடுத்த மாதம் போனபோது அந்தத் தெருவில் மருதிக்கு மூன்று விதமான காரணங்கள் உலவிக்கொண்டிருந்தன. கதை கைமாறியிருந்தது.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மருதி கடல் புகுந்ததை அழகாக்காதீர்கள், பெரிய தியாகமாக உயர்த்தாதீர்கள். "போனாள்" என்று ஒரே சொல்லில் சொல்லி, ஆதிமந்தி வீடு திரும்பியதோடு முடியுங்கள்.

4. எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள்

நோட்டில் உள்ளதைக் கட்டுரையாக எழுதி உருப்போட்டு வந்தவர்கள் ஒரு வரி மறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். எழுதிய தமிழும் வாய்த் தமிழும் வேறு. "நீராடினான்" என்று எழுதிவிட்டால் "தண்ணியில ஆடினான்" என்று வாய் திரும்பாது.

மூன்று முளைகளை மட்டும் மனதில் அடித்துக்கொள்ளுங்கள்: சலங்கை, கேள்வி, கடல். ஆட்டம் சலங்கையில் முடிகிறது. தேடல் கேள்வியில் நடக்கிறது. முடிவு கடலில். மற்றவை ஒவ்வொரு முறையும் புதிதாக வாயில் வரட்டும். களி கிண்டும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். ஏழெட்டு முறையில் பழகிவிடும்.

ஒரே ஒரு வரியை மட்டும் சொல் மாறாமல் பழகுங்கள். "கச்சு கட்டினவன், கழல் போட்டவன், சுருட்டை முடிக்காரன், பார்த்தீங்களா?" அகநானூறு 76இல் "கச்சினன், கழலினன்" என்று தொடங்கும் அடையாள வரிசையிலிருந்து எடுத்தது இது. ஏன் மாறக்கூடாது என்பது 9ஆம் படியில் புரியும்.

5. ஊருக்குள் போகும் முன் இரண்டு விசாரணை

முதலாவது, அந்த ஊரில் சமீபத்தில் தண்ணீரில் யாராவது போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆறு, ஏரி, கிணறு எதுவானாலும். நான் இதைக் கேட்காமல் ஓர் ஊரில் சொன்னேன். காவிரி அவனைக் கொண்டுபோனது என்று சொன்ன நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவர் மகன் முந்தின வருடம் ஏரியில் மூழ்கியிருந்தான். அன்றைக்குக் கதையைப் பாதியில் நிறுத்தினேன். அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த ஊருக்கும் போனதில்லை. பதில் ஆமாம் என்றால் வேறு கதை சொல்லுங்கள். கதை காத்திருக்கும்.

இரண்டாவது, பெரியவர்கள். நம் மாவட்டத்தில் காதல் கதை என்றாலே சில வீடுகளில் முகம் மாறும். காரணம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லி, அது வீட்டில் தெரிந்து, பிறகு விளக்கம் கொடுப்பது தவறான வரிசை. முதலில் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள், அதுவும் முழுக் கதையையும் அப்படியே. வெள்ளத்தில் போன புருசனைத் தேடிப் போனவள், கண்ணகியே எடுத்துச் சொன்ன பெண் என்று தொடங்கினால் கேட்பார்கள். இதில் ஒளிப்பதற்கோ பொய் சொல்வதற்கோ ஒன்றும் இல்லை.

ஆனால் அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகக் கதையை 'பொம்பளை இப்படி அடங்கி இருக்கணும்' என்ற பாடமாக மாற்றிவிடாதீர்கள். அடங்கி இருந்தவள் கதையா இது? ஊர் ஊராகத் தனியாக நடந்தவள் கதை.

6. இடம், நேரம், ஆள் கணக்கு

இருபது பேருக்குள் இருந்தால் நல்லது. மைக் வேண்டாம். புளியமரத்தடி, நூலக வராண்டா, கோயில் மண்டபம் எதுவும் போதும், பக்கத்தில் மாவு மில் ஓடாமல் இருந்தால் சரி. மாலை விளக்கு வைத்த பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் என்றால் பால் கறக்கவும் சொசைட்டிக்கு ஊற்றவும் ஆட்கள் எழுந்துகொண்டே இருப்பார்கள்.

கால் மணி நேரக் கதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீதி நேரம் 9ஆம் படிக்கு.

7. சொல்லுதல்

அ. ஆற்றை முதலில் வரவழையுங்கள்

பெயர்களோடு தொடங்காதீர்கள். "சோழ நாட்டில் கரிகாலன் என்ற மன்னன்" என்று தொடங்கினால் அது பாடப்புத்தகம். பிள்ளைகள் அந்த நொடியே காதை மூடிக்கொள்கிறார்கள்.

கேள்வியோடு தொடங்குங்கள். ஒகேனக்கல் பக்கத்து ஊர் என்றால், "ஆடி மாசம் புதுத்தண்ணி வரும்போது என்ன நிறத்துல இருக்கும்?" என்று கேளுங்கள். செம்மண் நிறம் என்பார்கள், நுங்கும் நுரையுமாக வரும் என்பார்கள், இத்தனை ஆயிரம் கன அடி வருகிறது, பரிசல் ஓட்டத் தடை என்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று யார் யார் போனீர்கள், தண்ணீர் எந்தப் படி வரை இருந்தது என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆறு அந்த இடத்துக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு "இதே ஆறு, இங்கிருந்து ரொம்ப தூரம் கீழே, கழாஅர்னு ஒரு துறை" என்று சொன்னால் போதும். கதை அதன் இடத்திலேயே இருக்கும், கேட்பவரும் அங்கே போய்விடுவார்.

கிருஷ்ணகிரிப் பக்கம் என்றால் சிக்கல் உண்டு. அங்கே கண்ணில் படும் ஆறு தென்பெண்ணை. கதையைத் தென்பெண்ணைக்கு மாற்றிவிட்ட ஒரு தம்பியைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அந்த மாவட்டத்தின் பல ஊர்களுக்கும் காவிரித் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. ஒரு சொம்பில் பிடித்து நடுவில் வையுங்கள். "இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேளுங்கள். சிறுபிள்ளைகள் "டேங்க்ல இருந்து" என்பார்கள். அங்கிருந்து ஆறு வரை அவர்களையே பின்னோக்கி நடக்க வையுங்கள்.

ஆ. ஆட்டம்

இங்கே நிதானம் வேண்டும். பாட்டு தரும் பொருள்களை மட்டும் ஒவ்வொன்றாக வையுங்கள்: வயிற்றில் கட்டிய கருங்கச்சு, காலில் புரளும் கழல், ஒலிக்கும் மணிகள், மார்பில் மாலை, சுருட்டை முடி. 'மன்மதனைப் போன்ற அழகன்' என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. கறுப்புக் கச்சை என்றால் தெரியும்.

அவன் ஆடுகிறான் என்று சொல்லும்போது சலங்கையைக் கையில் எடுத்து அசைத்துக்கொண்டே பேசுங்கள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக.

இ. ஆறு கொண்டுபோகும் இடம்

சலங்கையைச் சட்டென்று உள்ளங்கையில் பொத்துங்கள். சத்தம் அறுந்துபோகும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகு, "காவிரி அவனைக் கொண்டுபோய் ஒளிச்சிருச்சு."

புதியவர்கள் எல்லோரும் இங்கே பேசிவிடுகிறார்கள். அலை எழுந்தது, கைகள் தெரிந்தன, அவள் அலறினாள் என்று. மௌனத்துக்குப் பயம். சலங்கைச் சத்தம் நின்ற இடத்திலேயே எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. நீங்கள் அதன்மேல் வெள்ளத்தைக் கொட்டினால் புரிந்ததும் கரைந்து போகும். 'ஒளித்தது' என்ற சொல்லையும் மாற்றாதீர்கள். பாட்டில் இருக்கும் சொல் அது. கொன்றது, மூழ்கடித்தது என்று சொன்னால் தேடலுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஒளித்துவைத்த பொருளைத்தான் தேட முடியும்.

ஈ. தேடல்

எழுந்து நில்லுங்கள். இதுவரை உட்கார்ந்தே சொன்னது இதற்காகத்தான். கேட்பவர் ஒருவர் முன்னால் போய் நின்று, கண்ணைப் பார்த்து, அந்த மாறாத வரியைக் கேளுங்கள். "கச்சு கட்டினவன், கழல் போட்டவன், சுருட்டை முடிக்காரன், பார்த்தீங்களா?" பதில் வரும்வரை நகராதீர்கள். பிறகு இன்னொருவர். மூன்று பேர் போதும்.

மூன்று முறை கேட்பது அழகுக்காக மட்டும் இல்லை. பதில் சொன்ன நொடியில் அவர்கள் கரையோர ஊர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். கதைக்குள் அவர்களுக்கும் ஒரு இடம் கிடைத்துவிடும். அந்த வரியை மூன்று தடவை கேட்டதால் அது காதிலும் தங்கிவிடும்.

சிலர் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், காத்திருங்கள். இண்டூர் பக்கத்து ஊர் ஒன்றில் எழுபது வயது இருக்கும் பாட்டி ஒருவர், நான் கேட்டதும் கையை விரித்து, "இல்ல தாயி, இந்தப் பக்கம் வரலையே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு சிறுவன், "நான் பாத்தேன்!" என்று துள்ளினான். அப்படி வந்தால் மறுக்காதீர்கள். "எந்தப் பக்கம் போனான் கண்ணு?" என்று கேளுங்கள். கையை எங்கே காட்டினாலும், "அந்தப் பக்கமே போய்ப் பாக்குறேன்" என்று நடங்கள்.

இங்கே இன்றைய ஊர்ப் பெயர்களை அடுக்காதீர்கள். பவானி, ஈரோடு, கரூர், திருச்சி என்று போனால் பேருந்து வழித்தடமாகிவிடுகிறது. "நாடு நாடா, ஊர் ஊரா" போதும்.

உ. கடல்

குரலைத் தாழ்த்துங்கள். தேர்ந்தெடுத்த முடிவை மூன்று வாக்கியங்களுக்குள் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சலங்கையைத் தரையில் வையுங்கள். அது கடைசியாக ஒருமுறை கிணுங்கும். அதுதான் முடிவு.

8. முடித்ததும் பேசாமல் இருங்கள்

"இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?" என்று யாரையும் கேட்காதீர்கள். ஆசிரியர்கள் கூட்டத்தில் இருந்தால் முன்பே தனியாகச் சொல்லிவையுங்கள், அவர்களுக்குக் கை பரபரக்கும்.

கேள்விகள் தானாக வரும். அதிகம் வருவது, "இது உண்மையா நடந்ததாக்கா?" என்பது. நேர்மையாகச் சொல்லுங்கள்: சங்கப் பாட்டில் பல இடத்தில் பெயரோடு வருகிறது, பின்னால் சிலப்பதிகாரத்திலும் வருகிறது, இரண்டிலும் முடிவு வேறுவேறாக இருக்கிறது. "ராஜா மகள் ஆடுகளத்துல ஆடுவாளா?" என்று கூத்துக்காரர் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. குறுந்தொகைப் பாட்டை அவருக்குப் படித்துக் காட்டினேன். நோட்டில் பாட்டு எண் இருந்ததால்தான் அப்போதே எடுக்க முடிந்தது.

9. திருப்பிச் சொல்ல வையுங்கள்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. ஏழு மணி ஆகிவிட்டது, எல்லாரும் கிளம்புகிறார்கள், நாமும் சலங்கையைப் பையில் போடுகிறோம். அதோடு கதை செத்துவிடும். காதால் கேட்டது காலையில் பாதிதான் இருக்கும். வாயால் ஒருமுறை சொன்னது தங்கும்.

இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். விதி இரண்டுதான். பத்து வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் கேள்வி வரி மாறாமல் வர வேண்டும். மற்ற எல்லாம் அவர்கள் இஷ்டம்.

பத்து வாக்கியம் என்று கட்டுப்படுத்தினால்தான் எலும்பு எது, சதை எது என்று சொல்பவருக்கே தெரியும். மாறாத வரி எதற்கு? சொல்பவர் எங்கே தடம் மாறினாலும் அந்த வரி அவரைக் கதைக்குள் இழுத்துவந்துவிடும். கச்சு, கழல், சுருட்டை முடி என்று சொன்னதுமே ஆட்டமும் நினைவுக்கு வரும், தேடலும் நினைவுக்கு வரும்.

அவர்கள் சொல்லும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். பெயர் மாறினால் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். ஆட்டனத்தியை 'ஆட்டுநத்தி' என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. பெயரை ஆட்டன், அத்தி என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் திருந்திவிடும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு: அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். கதையைத் தமிழில் கேட்டாலும் வீட்டில் அவ்வாவுக்கோ அஜ்ஜிக்கோ தமிழில் சொல்ல மாட்டார்கள். அதனால் இந்தப் படியில் வீட்டு மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். பெயர்கள் அப்படியே இருக்கட்டும். "பார்த்தீங்களா?" என்பது "சூசினாரா?" ஆகும், "நோடிதிரா?" ஆகும். ஒரு பெண் கன்னடத்தில் கேட்டபோது அந்த ஓட்டம் என் தமிழைவிட அழகாக இருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு ராத்திரி யார்கிட்ட சொல்லப்போற?" என்று கேளுங்கள். 'எல்லார்கிட்டயும்' என்றால் விடாதீர்கள், ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். ஆள் தீர்மானமானால்தான் சொல்வார்கள்.

10. போனில் அனுப்புவதாக இருந்தால்

ஊரைவிட்டு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனவர்களுக்கு அனுப்பக் கேட்பார்கள். குரல் பதிவாகவே அனுப்புங்கள், நான்கு நிமிடத்துக்குள். அதைத் தாண்டினால் பேருந்து வந்துவிடும், சூப்பர்வைசர் வந்துவிடுவார், பாதியில் நிற்கும். பெயர்களை இரண்டு முறை சொல்லுங்கள். சினிமா இசை சேர்க்காதீர்கள். எங்கிருந்து எடுத்தது என்பதைக் குரலிலேயே கடைசி வாக்கியமாகச் சொல்லுங்கள். எழுத்தாகச் சேர்த்தால் அடுத்த கைக்குப் போகும்போது அது கழன்றுவிடும்.

படம் வேண்டாம். ஒருமுறை பதிவோடு ஒகேனக்கல் அருவிப் படம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினேன், அழகாக இருக்கட்டும் என்று. இரண்டு வாரத்தில் அது 'ஒகேனக்கல்லில் நடந்த உண்மைக் காதல் கதை' என்ற தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன். தப்பானது போன வேகத்தில் திருத்தம் போகவில்லை.

வேறொருவர் எழுதிய கதை வடிவத்தை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து அனுப்பாதீர்கள். சங்கப் பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இக்காலத்தவர் எழுதியது அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமைக்குள் இருக்கும். உங்கள் வாயால் சொல்லுங்கள், அதற்குத்தானே இத்தனை படி.

11. கதை மாறித் திரும்பி வரும்போது

வரும், கட்டாயம் வரும். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு சிறுமி எனக்கே இந்தக் கதையைச் சொன்னாள். எங்கே கேட்டது என்றேன், அவள் பெரியம்மா சொன்னதாம். பெரியம்மாவுக்கு யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கதையில் ஆதிமந்தி பரிசலில் ஏறித் தேடினாள். ராகி களி கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றை மட்டும் பாருங்கள். பெயர்கள் சரியா? இடம் கழாஅர்தானா? கேள்வி வரி இருக்கிறதா? இவை தவறியிருந்தால் திருத்துங்கள், "நான் கேட்டது இப்படி" என்று சொல்லி. பரிசலையும் களியையும் விட்டுவிடுங்கள். பசியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று யாரோ ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்.

அந்தச் சிறுமி வரியைச் சரியாகச் சொன்னாள். கச்சு, கழல், சுருட்டை முடி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், நான் பதில் சொல்லும்வரை.

"இல்ல கண்ணு, இந்தப் பக்கம் வரல" என்றேன்.